உங்கள் கம்ப்யூட்டரில் உங்கள் ஊர் இருக்கிறதா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர் வீட்டிற்குப் போனால் முதலில் மானிட்டரைப் பாருங்கள். வால்பேப்பரில் பெரும்பாலும் சுவிட்சர்லாந்து மலை இருக்கும், அல்லது பனி மூடிய ஏதோ ஒரு வெளிநாட்டு ஏரி இருக்கும். படங்கள் வைத்திருக்கும் போல்டரைத் திறந்தால் வாட்ஸ்அப்பில் வந்த காலை வணக்கங்கள், பிறந்த நாள் கேக், ஊட்டி சென்றபோது எடுத்த ஐம்பது படங்கள் ஆகியவை வரிசையாக நிற்கும். வீட்டிலிருந்து அரை கிலோமீட்டர் தூரத்தில் உள்ள ஏரியின் படம் ஒன்று கூட இருக்காது. அந்த ஏரிக்கரையில் தினமும் நிற்கும் கொக்கின் படமும் இருக்காது.

ஹார்ட் டிஸ்க்கில் இடம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. கேமரா இல்லை என்றும் சொல்ல முடியாது. கையில் உள்ள செல்போனே கேமராதான். பிறகு ஏன் நம் ஊர் நம் கம்ப்யூட்டரில் இல்லை? "நம்ம ஊர்ல என்ன சார் இருக்கு?" என்பதுதான் பலரும் தரும் பதில். இந்தப் பதில் தவறு என்பது என் கருத்து. அதற்கான காரணங்களையும், இந்த மார்கழி, தை மாதங்களில் நீங்கள் என்ன செய்யலாம் என்பதையும் இங்கே பார்ப்போம். உதாரணத்திற்கு எடுத்துக்கொள்ளும் ஊர், செராமிக் பொருட்களுக்குப் பெயர் பெற்ற விருத்தாசலத்தை அடுத்துள்ள பெண்ணாடம். உங்கள் ஊர் வேறாக இருந்தால் பெயரை மட்டும் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

நமக்கு ஏது குளிர்காலம்?

பனிமழை பெய்தால்தான் குளிர்காலம் என்று இல்லை. ஆண்டை ஆறு பருவங்களாகப் பிரித்த தமிழர்கள் அதில் இரண்டைப் பனிக்கே கொடுத்தார்கள். மார்கழி, தை மாதங்கள் முன்பனி. மாசி, பங்குனி மாதங்கள் பின்பனி. படம் எடுப்பவருக்கு இந்த நான்கு மாதங்களில் முதல் மூன்று மிகவும் முக்கியமானவை.

காரணம் எளிதானது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை முடிந்து மண்ணில் ஈரம் இருக்கிறது. ஏரி, குளம், வயல் எல்லாவற்றிலும் தண்ணீர் இருக்கிறது. மேகம் இல்லாத இரவில் தரை தன் வெப்பத்தை வேகமாக இழந்து குளிர்கிறது. காற்று அசையாமல் இருந்தால், தரையை ஒட்டிய ஈரக்காற்று குளிர்ந்து நுண்ணிய நீர்த்துளிகளாக மாறுகிறது. அதுதான் நாம் காலையில் பார்க்கும் மூடுபனி. வெயில் ஏறியதும் கரைந்துவிடும். எனவே முதல் நாள் இரவு வானம் தெளிவாகவும் காற்று அசையாமலும் இருந்தால் மறுநாள் அதிகாலைக்கு அலாரம் வைத்துவிடலாம்.

வெளிச்சமும் இந்த மாதங்களில் நமக்குச் சாதகம். பெண்ணாடம் ஏறத்தாழ 11.4 டிகிரி வட அட்சரேகையில் உள்ளது. ஏப்ரல் மாதப் பிற்பகுதியில் இங்கே நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். டிசம்பர் 21-ஐ ஒட்டி நண்பகலில் கூட அது 55 டிகிரி உயரம்தான் ஏறும். சூரியன் தாழ்வாக இருந்தால் நிழல் நீளமாக விழும். மரத்தின் பட்டை, உழுத மண்ணின் மடிப்பு, பறவையின் இறகு எல்லாம் தெளிவாகத் தெரியும். கோடையில் காலை எட்டு மணிக்கே வீணாகிப்போகும் வெளிச்சம் மார்கழியில் ஒன்பது மணி வரையிலும் பயன்படும். சூரிய உதயமும் ஆறரை மணியை ஒட்டித்தான். நான்கு மணிக்கு எழுந்து ஓட வேண்டியதில்லை.

பெண்ணாடத்தில் என்ன இருக்கிறது?

முதலில் வெள்ளாறு இருக்கிறது. பரங்கிப்பேட்டையில் கடலோடு கலக்கும் இந்த ஆறு, மழைக்காலம் முடிந்த பிறகு மணலுக்கு நடுவே மெல்லிய ஓடைகளாகப் பிரிந்து ஓடும். காலை நேரத்தில் அந்த ஓடைகளின் மேல் பனி தவழும். அடுத்து நெல் வயலும் கரும்புத் தோட்டமும். பனியில் கரும்புப் பூ வெள்ளி போல் மின்னும். அடுத்து பிரளயகாலேஸ்வரர் கோயில். திருத்தூங்கானைமாடம் என்று தேவாரத் தலப்பெயர் பெற்றது. படுத்துத் தூங்கும் யானையின் பின்புறம் போல வளைந்த கட்டடம் அது. அந்த வளைவில் காலை வெயில் விழும் விதத்தை ஒரு மாதம் தொடர்ந்து எடுத்தாலே ஒரு நல்ல தொகுப்பு கிடைக்கும்.

உயிரினங்கள் எங்கே என்று கேட்பீர்கள். வயல் வரப்பில் அசையாமல் நிற்கும் பழுப்பு நிற மடையான் பறக்கும்போது திடீரென்று வெள்ளையாக மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். உட்கார்ந்திருக்கும்போது மறைந்திருக்கும் வெள்ளை இறக்கைகள்தான் காரணம். மாட்டின் பின்னால் நடக்கும் உண்ணிக்கொக்கு, கரண்டுக் கம்பியில் வரிசையாக உட்காரும் பச்சைப் பஞ்சுருட்டான், அதே கம்பியில் தனியாக உட்கார்ந்திருக்கும் பனங்காடை, நத்தையைத் தேடி வயலில் இறங்கும் நத்தைகுத்தி நாரை, கிணற்றுச் சுவரில் வெண்மார்பு மீன்கொத்தி, பனைமரப் பொந்தில் புள்ளி ஆந்தை, ஆளைக் கண்டால் கத்திக் கூப்பாடு போடும் ஆட்காட்டி என இவையெல்லாம் கடலூர் மாவட்டத்தின் எந்தக் கிராமத்திலும் காணக்கூடியவை.

இவற்றுடன் குளிர்காலத்தில் மட்டும் வரும் விருந்தாளிகள் வேறு இருக்கிறார்கள். கம்பிகளில் கூட்டமாக உட்காரும் தகைவிலான்கள், ஈரத்தரையில் வாலை ஆட்டியபடி நடக்கும் வாலாட்டிகள், வேலிமரத்தில் உட்கார்ந்து கரகரவென்று கத்தும் பழுப்புக் கீச்சான், வயலின் மேல் தாழப் பறக்கும் பூனைப்பருந்து ஆகியவை வடக்கேயிருந்து பல நூறு, பல ஆயிரம் கிலோமீட்டர் கடந்து வருபவை. இமயமலையையும் தாண்டி வருபவை கூட உண்டு. அவை உங்கள் தெருமுனைக்கு வந்து நிற்கும்போது, நீங்கள் அவற்றைத் தேடி வெளியூர் போவது வேடிக்கையாக இல்லையா?

கொஞ்சம் தள்ளிப் போக முடிந்தவர்களுக்கு திட்டக்குடியை அடுத்து வெலிங்டன் ஏரி இருக்கிறது. காட்டுமன்னார்கோயில் பக்கம் சோழர் காலத்து வீராணம் ஏரி இருக்கிறது. ரயில் ஏறினால் அரியலூர். அந்த மாவட்டத்தில்தான் கரைவெட்டி பறவைகள் சரணாலயம் உள்ளது. மத்திய ஆசியாவின் உயரமான ஏரிகளில் குஞ்சு பொரிக்கும் வரித்தலை வாத்து குளிர்காலத்தில் அங்கே வருகிறது. 2024-ஆம் ஆண்டு ஜனவரியில் இந்த ஏரி, சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஆனால் இவையெல்லாம் இரண்டாம் பாடம். முதல் பாடம் உங்கள் வீட்டு வேலியில் தொடங்குகிறது.

மா. கிருஷ்ணன் காட்டிய வழி

இதை நான் மட்டும் சொல்லவில்லை. தமிழ்நாட்டின் புகழ்பெற்ற இயற்கையியலாளரும் புகைப்படக்காரருமான மா. கிருஷ்ணன் (1912 - 1996) தன் வாழ்நாள் முழுவதும் இதைச் செய்து காட்டினார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் அவர். 1950-இல் கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் தொடங்கிய அவருடைய இயற்கைப் பத்தி 1996-இல் அவர் மறையும் வரை வெளிவந்தது. காட்டு யானைகளைப் பற்றி எழுதிய அதே அக்கறையுடன் காகம், அணில், பல்லி, தெரு நாய் பற்றியும் எழுதினார். கறுப்பு வெள்ளைப் படங்களையே விரும்பி எடுத்தார். பல பாகங்களை இணைத்துத் தானே உருவாக்கிய கேமராவைப் பயன்படுத்தினார். இன்று நம் கையில் உள்ள சாதாரண செல்போனில் இருக்கும் வசதிகளில் பாதி கூட அந்தக் கேமராவில் கிடையாது. இருந்தும் அவருடைய படங்கள் நிற்கின்றன. ஒரே உயிரினத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கும் பொறுமை அவரிடம் இருந்ததுதான் காரணம்.

கேமரா வாங்கும் முன் யோசியுங்கள்

"பறவையை எடுக்கப் பெரிய லென்ஸ் வேண்டுமே" என்று பலர் கேட்கிறார்கள். முதல் ஆண்டு எதுவும் வாங்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை. கையில் இருப்பதை வைத்து நிலக்காட்சிகளை எடுங்கள். பறவையை அது நிற்கும் இடத்தோடு சேர்த்து எடுங்கள். பரந்த வயல், நடுவில் ஒரு சிறிய கொக்கு, பின்னால் பனியில் மங்கிய பனைமரங்கள். இந்தப் படத்திற்குப் பெரிய லென்ஸ் தேவையே இல்லை. சொல்லப்போனால் பெரிய லென்ஸால் இதை எடுக்க முடியாது.

ஒரு விஷயத்தை மட்டும் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். ஆப்டிகல் ஜூம் என்பது லென்ஸ் உண்மையிலேயே தூரத்தை இழுத்துக் காட்டுவது. டிஜிட்டல் ஜூம் என்பது படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவது. இந்த இரண்டாவது வேலையைக் கம்ப்யூட்டரில் நீங்களே நிதானமாகச் செய்யலாம். 12 மெகாபிக்ஸல் படத்தில் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள் உள்ளன. 1920 x 1080 அளவுள்ள மானிட்டர் காட்டுவது ஏறத்தாழ 20 லட்சம் புள்ளிகள்தான். அதாவது படத்தில் ஆறில் ஒரு பங்கை மட்டும் வெட்டி எடுத்தாலும் உங்கள் திரை நிறைந்துவிடும். 6 x 4 அங்குல பிரிண்ட் போடவும் அதுவே போதும். எனவே செல்போனில் விரல்களால் விரித்து ஜூம் செய்வதைத் தவிருங்கள்.

பின்னாளில் வாங்குவதாக இருந்தால் மெகாபிக்ஸல் எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஆப்டிகல் ஜூம் எத்தனை மடங்கு என்று கேளுங்கள். நல்ல நிலையில் உள்ள பழைய கேமராவும் போதும்.

வெள்ளைக் கோப்பைப் பாடம்

பனிக்காலப் படங்களில் புதியவர்கள் சந்திக்கும் பெரிய பிரச்சினை இது. கண்ணுக்கு வெள்ளை வெளேரென்று தெரிந்த பனி, படத்தில் அழுக்குச் சாம்பல் நிறமாக வருகிறது. வெள்ளைக் கொக்கோ, இறகே தெரியாமல் வெறும் வெள்ளைத் திட்டாக வருகிறது. கேமரா கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

விருத்தாசலம் பகுதியில் வெள்ளைப் பீங்கான் கோப்பைக்குப் பஞ்சமில்லை. ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் படம் முழுவதும் கோப்பை நிறையும்படி ஒரு படம் எடுங்கள். கோப்பை சாம்பல் நிறமாக வரும். பிறகு அதே கோப்பையைக் கறுப்புத் துணி மேல் வைத்து, துணி அதிகம் தெரியும்படி இன்னொரு படம் எடுங்கள். இப்போது கோப்பை வெளுத்துப்போய் அதன் வளைவே தெரியாது. கேமரா எதைப் பார்த்தாலும் அதை நடுத்தர வெளிச்சமாக மாற்றப் பார்க்கும். எல்லாம் வெள்ளையாக இருந்தால் குறைக்கும். எல்லாம் கறுப்பாக இருந்தால் கூட்டும்.

முதல் படம்தான் மூடுபனி. அங்கே நீங்கள் எக்ஸ்போஷரைச் சற்றுக் கூட்ட வேண்டும். இரண்டாவது படம்தான் கரும்பச்சை வயலில் நிற்கும் வெள்ளைக் கொக்கு. அங்கே குறைக்க வேண்டும். பெரும்பாலான செல்போன்களில் திரையைத் தொட்டால் சிறிய சூரியன் குறி வரும். அதை மேலே இழுத்தால் வெளிச்சம் கூடும், கீழே இழுத்தால் குறையும். கேமராவில் கூட்டல், கழித்தல் குறியுள்ள பட்டன் இருக்கும். கோப்பையை வைத்து அரை மணி நேரம் பழகிவிட்டால் ஏரிக்கரையில் தடுமாற மாட்டீர்கள்.

இன்னும் சில குறிப்புகள்:

1. நிற்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் 1/500 நொடியாவது வேண்டும். பறக்கும் பறவைக்கு 1/1000 அல்லது அதற்கு மேல். செல்போனில் இந்த வசதி இல்லையென்றால் தொடர்ச்சியாகப் பல படங்கள் எடுத்து ஒன்றைத் தேர்வு செய்யுங்கள்.

2. பறவையின் கண் தெளிவாக இருந்தால் படம் பிழைக்கும். எனவே போகஸ் கண்ணில் இருக்கட்டும்.

3. பனி தூரத்தைப் படிப்படியாக மங்கலாக்கும். அருகில் ஒரு மரம், சற்றுத் தள்ளி ஒன்று, வெகு தூரத்தில் ஒன்று என்று தேர்வு செய்தால் படத்தில் ஆழம் வரும்.

4. பனித்துளி லென்ஸில் படியும். மெல்லிய பருத்தித் துணி ஒன்று சட்டைப் பையில் இருக்கட்டும்.

5. கேமராவில் தேதியும் நேரமும் சரியாக உள்ளதா என்று பாருங்கள். பழைய கேமராக்களில் பாட்டரி முழுவதும் தீர்ந்தால் தேதி மாறிவிடலாம்.

பக்கத்தில் போவதற்கும் ஒரு முறை உண்டு

பறவையை நோக்கி நேராக நடந்தால் அது பறந்துவிடும். சற்று விலகி, குறுக்காக, நின்று நின்று நடங்கள். அல்லது ஓர் இடத்தில் உட்கார்ந்துவிடுங்கள். அரை மணி நேரம் அசையாமல் இருந்தால் பறவைகள் தாமாகவே வேலையைத் தொடங்கிவிடும். நிறுத்திய வண்டியைப் பறவைகள் அதிகம் பொருட்படுத்துவதில்லை. அதிலிருந்து இறங்கும் மனிதரைத்தான் பொருட்படுத்துகின்றன.

கூட்டின் அருகே போகாதீர்கள். நீங்கள் நிற்கும்வரை தாய்ப்பறவை கூட்டுக்கு வராது. அந்த நேரத்தில் காகம் வந்து முட்டையையோ குஞ்சையோ தூக்கிப் போய்விடலாம். பறவைகளின் முட்டைகளையும் கூடுகளையும் தொந்தரவு செய்வதை 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் தடை செய்கிறது. கல்லெறிந்து பறக்கவிட்டு எடுப்பது, தீனி போட்டு வரவழைப்பது, செல்போனில் பறவைக் குரலைப் போட்டு ஏமாற்றுவது ஆகியவையும் வேண்டாம்.

பறவைகளுக்கு மட்டுமல்ல, மனிதர்களுக்கும் மரியாதை தேவை. ஆற்றில் குளிப்பவர்கள், துணி துவைப்பவர்கள் இருக்கும் பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள். வயலில் இறங்கும் முன் சொந்தக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்டால் அவரே மயில் எந்தப் பக்கம் வரும், நரி எங்கே போகும் என்று சொல்லிவிடுவார். அவரை விடப் பெரிய வழிகாட்டி இல்லை. பனியில் ரயில் பாதை அழகாகத் தெரியும்தான். ஆனால் விருத்தாசலம் - திருச்சி பாதை வேகமான ரயில்கள் ஓடும் பாதை. தண்டவாளத்தில் நின்று படம் எடுப்பது சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து. வரப்பில் நடக்கும்போது காலில் ஷூ இருக்கட்டும்.

வீட்டிற்கு வந்ததும் கம்ப்யூட்டர் வேலை

படம் எடுப்பதில் பாதிதான் ஏரிக்கரையில் நடக்கிறது. மீதிப் பாதி கம்ப்யூட்டரில் நடக்கிறது. பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

செல்போனை யு.எஸ்.பி. கேபிள் மூலம் இணையுங்கள். போனில் பைல் டிரான்ஸ்பர் என்பதைத் தேர்வு செய்தால் படங்கள் உள்ள போல்டர் கம்ப்யூட்டரில் தெரியும். அப்படியே காப்பி செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பி டவுன்லோட் செய்யும் பழக்கத்தை விடுங்கள். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும். படத்திற்குள் பதிந்துள்ள தேதி, இடம் போன்ற விவரங்களையும் நீக்கிவிடும். 2023-இல் எச்.டி. தரத்தில் அனுப்பும் வசதி வந்தது. அதுவும் ஒரிஜினல் ஆகாது. கட்டாயம் அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் டாக்குமெண்ட் ஆக அனுப்புங்கள்.

அடுத்து பெயர். கேமரா கொடுக்கும் எண்களை வைத்துக்கொண்டு ஐந்து ஆண்டு கழித்து எதையும் தேட முடியாது. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு போல்டர் போடுங்கள். பெயரில் ஆண்டு முதலில் வரட்டும். உதாரணமாக 2026-01-14-வெள்ளாறு. இப்படி வைத்தால் கம்ப்யூட்டரே தேதி வாரியாக அடுக்கிவிடும். யூனிகோட் வந்த பிறகு போல்டர் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம். விண்டோஸில் எல்லாப் படங்களையும் செலக்ட் செய்து எஃப்2 கீயை அழுத்தி ஒரு பெயர் கொடுத்தால், எல்லாவற்றிற்கும் வரிசை எண்ணுடன் அந்தப் பெயர் வந்துவிடும்.

ஒரு படத்தின் மேல் ரைட் கிளிக் செய்து பிராப்பர்டீஸ் சென்று டீடெயில்ஸ் என்பதைப் பாருங்கள். எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எந்தக் கேமராவில் எடுத்தது என்பதெல்லாம் அங்கே இருக்கும். செல்போனில் லொகேஷன் இயங்கியிருந்தால் எடுத்த இடம் கூட இருக்கும். இந்த விவரங்கள்தான் உங்கள் படத்தின் பிறப்புச் சான்றிதழ். ஆனால் ஆந்தைப் பொந்து, கூடு போன்றவற்றின் படத்தை எல்லோருக்கும் அனுப்பும்போது இட விவரத்தை நீக்கிவிட்டு அனுப்புங்கள். பிடித்து விற்பவர்களுக்கு நாமே வழி காட்டக்கூடாது.

ஒரிஜினலை ஒருபோதும் திருத்தாதீர்கள். காப்பி எடுத்து அதைத் திருத்துங்கள். ஜேபெக் பைலை ஒவ்வொரு முறை திருத்தி சேவ் செய்யும்போதும் தரம் கொஞ்சம் குறைகிறது. திருத்துவதற்கு விலை கொடுத்து சாஃப்ட்வேர் வாங்க வேண்டியதில்லை. கிம்ப் இலவசம். படங்களை வகைப்படுத்த டிஜிகேம் இலவசம். திருட்டு சிடி காலம் முடிந்துவிட்டது.

கடைசியாக பேக்அப். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வீட்டிற்கு வெளியே. இதுதான் 3-2-1 விதி. கம்ப்யூட்டரில் ஒன்று, வெளியே கழற்றி வைக்கும் ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, அக்கா வீட்டிலோ இன்டர்நெட்டிலோ ஒன்று. கூகுள் போட்டோஸ் அளவில்லாத இலவச இடம் தருவதை 2021 ஜூன் 1 முதல் நிறுத்திவிட்டது. இப்போது மெயில் உட்பட எல்லாவற்றிற்கும் சேர்த்து 15 ஜி.பி.தான் இலவசம். 4 எம்.பி. அளவுள்ள படங்கள் என்றால் ஒரு ஜி.பி.யில் ஏறத்தாழ 250 படங்கள் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். தேறாத படங்களை அன்றே நீக்கிவிடுங்கள்.

அழகுபடுத்தலாமா?

வெளிச்சத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். சாய்ந்த தொடுவானத்தை நேராக்கலாம். ஓரங்களை வெட்டலாம். இதில் தவறே இல்லை. ஆனால் இன்றைய சாஃப்ட்வேர்களும் செல்போன்களும் இதோடு நிற்பதில்லை. வானத்தை மாற்றுகின்றன. கரண்டுக் கம்பியை அழிக்கின்றன. இல்லாத பறவையைக் கொண்டுவந்து வைக்கின்றன. "பனி மூடிய ஏரி, நடுவில் நாரை" என்று தட்டினால் செயற்கை நுண்ணறிவு நொடியில் ஒரு படம் தருகிறது. அது உங்கள் படத்தை விட அழகாகவும் இருக்கும்.

"அப்படியென்றால் நான் ஏன் காலையில் எழுந்து போக வேண்டும்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். என் பதில் இது: அந்தப் படத்தில் அழகு உண்டு, தேதி கிடையாது, ஊர் கிடையாது. அந்த நாரை எந்த ஏரியிலும் நின்றதில்லை. உங்கள் படம் சற்று மங்கலாக இருந்தாலும், தை மாதம் ஒரு காலையில் பெண்ணாடத்தில் ஒரு நாரை நின்றது என்பதற்குச் சாட்சி. சாட்சியைத் திருத்தக்கூடாது. கரண்டுக் கம்பியை அழித்துவிட்டால் பனங்காடை எங்கே உட்கார்ந்திருந்தது என்பதே தெரியாமல் போய்விடும். பண்டிகை வாழ்த்துக்காகப் படத்தை மாற்றுகிறீர்களா, தாராளமாக மாற்றுங்கள். ஆனால் மாற்றியது என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

சாட்சி யாருக்கு வேண்டும்?

இது வெறும் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை ஒன்று 2023-இல் வெளிவந்தது. 942 வகைப் பறவைகளை ஆராய்ந்த அந்த அறிக்கைக்கு அடிப்படை, சுமார் 30,000 பறவை ஆர்வலர்கள் பதிவேற்றிய குறிப்புகள். அவர்களில் பெரும்பாலோர் விஞ்ஞானிகள் அல்ல, நம்மைப் போன்றவர்கள். 178 வகைகள் உடனடிக் கவனம் தேவைப்படுபவை என்று அறிக்கை சொன்னது. 30 சதவீதத்திற்கு மேல் குறைந்துவிட்டதால் மறுஆய்வு தேவை என்று குறிப்பிட்ட 14 வகைகளில் பனங்காடையும் ஒன்று. நம் வயல் கம்பியில் உட்கார்ந்திருக்கும் அதே பனங்காடை. மயில் எண்ணிக்கை மிகவும் கூடியிருப்பதையும் அதே அறிக்கைதான் சொன்னது. இரண்டுமே நம் ஊரில் கண்ணுக்கு முன்னால் நடக்கும் மாற்றங்கள். பார்த்துக்கொண்டே இருந்தோம், பதிவு செய்யவில்லை.

நீங்களும் இதில் சேரலாம். பொங்கல் விடுமுறையின் நான்கு நாட்களில் பறவைகளைக் கணக்கெடுக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு 2015-இல் தமிழ்நாட்டில் தொடங்கியது. ஓர் இடத்தில் 15 நிமிடமாவது நின்று, பார்த்த பறவைகளின் பெயரையும் எண்ணிக்கையையும் எழுதி, இ-பேர்ட் என்ற இலவச இணையதளத்தில் பதிவேற்ற வேண்டும். எடுத்த படத்தையும் அதனுடன் சேர்க்கலாம். பெயர் தெரியாத பறவைக்கு மெர்லின் என்ற இலவச ஆப் உதவும். அது சொல்வதை அப்படியே நம்பாமல் விவரம் தெரிந்தவர்களிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். பரிசுப் போட்டிக்குப் போகாத மங்கலான படம் கூட இங்கே பயன்படும். பறவையை அடையாளம் காண முடிந்தால் போதும்.

இதற்கு நகரம் தேவையில்லை. சொல்லப்போனால் சென்னையில் நூறு பேர் நூறு படம் எடுக்கிறார்கள். பெண்ணாடம் போன்ற ஊர்களில்தான் எடுக்க ஆள் இல்லை. நீங்கள் எடுக்காவிட்டால் அந்த ஏரிக்கு அந்த ஆண்டு பதிவே இல்லை.

ஒரே ஒரு வேலையை மட்டும் இந்த மார்கழியில் தொடங்குங்கள். வீட்டிற்கு அருகில் ஓர் இடத்தைத் தேர்வு செய்யுங்கள். ஆற்றங்கரையோ, ஏரிக்கரையோ, பனைமரம் உள்ள ஒரு வரப்போ போதும். வாரம் ஒரு முறை அதே இடத்தில் நின்று, அதே திசையில் ஒரு படம் எடுங்கள். கண்ணில் பட்ட உயிரினங்களையும் எடுங்கள். தேதி போட்ட போல்டரில் வையுங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். பெயர்களைத் தட்டச்சு செய்யும் வேலையை அவர்களுக்குக் கொடுங்கள். தமிழ் டைப்பிங்கும் வந்துவிடும், பறவையின் பெயரும் வந்துவிடும்.

மாசி முடியும்போது பத்து, பன்னிரண்டு படங்கள் சேர்ந்திருக்கும். அவற்றை வரிசையாக மானிட்டரில் ஓட்டிப் பாருங்கள். பனி வந்து போனதும், தண்ணீர் வற்றியதும், வாலாட்டி வந்ததும், கதிர் முற்றியதும் தெரியும். பிடித்த ஒன்றை வால்பேப்பராக வையுங்கள். சுவிட்சர்லாந்து மலையை அந்த ஊர்க்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள்.